இரண்டு ஹெட்போன்களில் எது என்று கேட்ட மகனுக்கு

இதை வாயால் சொன்னால் நீ "ஆங்?" என்பாய். திரும்ப ஒரு தடவை சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ. சீட் கவர் தைக்கிறவளுக்கு இவ்வளவு எழுத வருவதே பெரிய விஷயம். நேற்று சாப்பிடும்போது கேட்டாயே, கடையில் போட்டுப் பார்த்த ரெண்டு ஹெட்போனில் எதை வாங்கலாம், நீயே சொல்லும்மா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று உன் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன். திங்கட்கிழமை, கம்பெனியில் நீ தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் ராஜினாமா கொடுக்கப் போகிறாய். நல்ல ஹெட்போன் ஒன்று கைக்கு வந்துவிட்டால் இத்தனை நாள் காதுக்கு வராத சத்தமெல்லாம் வந்துவிடும், சென்னை ஸ்டுடியோவில் பாட்டு மிக்ஸிங் வேலையில் நின்றுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். ஆனால் எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது, உனக்கே தெரியும். மீன் வாங்கப் போனாலும் மீன்காரம்மாவின் மருமகளை விசாரித்த பிறகுதான் விலை கேட்பேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் நம் வீட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெட்போன் என்கிற பேச்சே இந்த வீட்டுச் சத்தத்தால்தான் வந்தது. பென்னலூரில் ரோட்டை ஒட்டி வீடு கட்டினால் காற்று நன்றாக வரும் என்று உங்கப்பா சொன்னார். காற்றும் வந்தது, கண்டெய்னர் லாரியும் வந்தது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போகும். பக்கத்து மனையில் ஹாஸ்டல் கட்ட ஆரம்பித்ததிலிருந்து டைல்ஸ் அறுக்கிற மெஷின் பல்லைக் கூச வைக்கிறது. இந்த வீட்டில் அமைதி வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும், அப்போதும் எதிர்க் கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். உங்கப்பா வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், டிவியை அவர் வைக்கிற சத்தத்தில் செய்தி தெருமுனை வரைக்கும் போகும். இதற்கு நடுவில்தான் நீ கீபோர்டை வைத்துக்கொண்டு சர்ச் பிள்ளைகள் பாடியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு குரலாகக் கூட்டிக் குறைத்து, பாட்டாக்கிக்கொண்டிருந்தாய். ஃபாதர் மைக்கில் உன் பெயரைச் சொன்ன அன்றைக்கு நான் முந்தானையைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ பார்க்கவில்லை.

உன்கூட லைனில் வேலை செய்கிற பையன் ஒருத்தன் ஒரு தடவை தன்னுடைய ஹெட்போனை இரவல் கொடுத்தான், நினைவிருக்கிறதா? அதன் பின்பக்கம் மூடாமல் வலை மாதிரித் திறந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நீ கண்ணை மூடினாய், மேடையிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பூரித்துப் போனாய். நான் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டே உன் பாட்டை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்ததும் நீ நாற்காலியோடு துள்ளினாய். அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. ஜன்னல் திறந்த அறைக்குக் காற்று வரும், கூடவே தெருவும் உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தினால் தெரு வெளியே நிற்கும், ஆனால் உள்ளே புழுங்கும். பின்பக்கம் மூடிய ஹெட்போனில் சத்தம் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே முட்டி மோதித் திரும்புவதால் டிரம்ஸ் சத்தம் கொழகொழவென்று ஆகிவிடும், குரல் டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும். அப்படி ஆகாமல், வெளிச்சத்தத்தையும் உள்ளே விடாமல் செய்கிறார்களே, அந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் அவ்வளவு விலை. இதெல்லாம் நாம் ஹெட்போன் பார்க்கப் போன சென்னைக் கடைக்காரர் சொன்னது, நான் என் பாஷையில் சொல்கிறேன்.

நீ தீபாவளி போனஸில் வாங்கினாயே, அந்த முதல் ஹெட்போன், அது மூடிய வகைதான். கொஞ்ச நாளில் காதைச் சுற்றியிருந்த மெத்தை உரிய ஆரம்பித்தது. சுட்ட கத்திரிக்காய்த் தோல் மாதிரிக் கறுப்புக் கறுப்பாக உன் காதிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குப் பொறுக்குமா? நாள் முழுக்க ஒரகடத்தில் அதே வேலைதானே செய்கிறேன், ரெக்சினை வெட்டுவதும் ஃபோமில் இழுத்துத் தைப்பதும். சூப்பர்வைசரிடம் கேட்டு வேஸ்ட் துண்டில் நல்லதாகப் பொறுக்கி வாங்கினேன். சாதாரணத் துண்டு இல்லை, பெரிய கார்களில் முதுகு வேர்க்காமல் இருக்கப் பொடிப்பொடியாகத் துளை போட்ட ரெக்சின். என் பிள்ளைக்குக் காது வேர்க்கக் கூடாது என்று அதைத் தேர்ந்தெடுத்தேன், என் புத்தி அப்படிப் போனது. ஃபோமை வட்டமாக வெட்டி, இரட்டைத் தையல் போட்டு மாட்டிக் கொடுத்தேன். நீ போட்டுப் பார்த்து, "சூப்பர்மா, புதுசு மாரி கீது" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். என் தையல் லைனில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன்.

அந்தத் துளைகள் வழியாகச் சத்தம் ஒழுகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மெத்தை காதைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால்தான் டிரம்ஸ் மாதிரியான கீழ்ச் சத்தம் உள்ளே நிற்குமாம், வெளிச்சத்தம் வராதாம். கடைக்காரர் உன் பழைய ஹெட்போனைக் கையில் வாங்கி, மெத்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். இது ஹெட்போன் இல்லை, டீ வடிகட்டி என்றார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ மேலே ஏதோ இருக்கிற மாதிரி ஏசியைப் பார்த்தாய். அப்போதுதான் தெரிந்தது, உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. டைல்ஸ் மெஷினும் லாரியும் உள்ளே வர வர, அதை அமுக்க நீ வால்யூமை ஏற்றி ஏற்றி வைத்துக் கேட்டிருக்கிறாய். அடேய், இது சரிப்படவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் நாக்கு தேய்ந்தா போய்விடும்? குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் ஊருக்கே தமுக்கடிக்கிறவன் நீ. என் மனசு நோகக் கூடாதென்று காதைக் கொடுத்திருக்கிறாய். இதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். முட்டாள்தனம் என்றுதான் சொல்வேன். எனக்கு இன்னும் ஆறவில்லை, உன் மேலும் ஆறவில்லை, என் மேலும் ஆறவில்லை.

கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வந்து எல்லோருக்கும் காது பார்த்த அன்றைக்கு நீயே சாப்பாட்டில் வைத்துச் சொன்னாய். பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார வைத்தார்கள், பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள், கீச்சென்று மேலே போகிற மெல்லிசான சத்தம் கேட்கிறது கொஞ்சம் குறைச்சலாம் என்று சாதாரணமாகச் சொன்னாய். எனக்குச் சாதாரணமாக இல்லை. காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தமா, பாட்டுச் சத்தமா, எதனால் வந்தது என்று கேட்டேன். அதைப் பிரித்துச் சொல்ல முடியாதும்மா என்றார். காதுக்குள் முடி மாதிரி ஏதோ இருக்கிறதாம், விழுந்தால் முளைக்காதாம். "போனது போனதுதான். இருக்கறத காப்பாத்திக்கணும்" என்று உன்னைப் பார்த்துச் சொன்னார். நீ தலையாட்டினாய். பிரஸ் ஷாப்பில் காதை மூடுகிற மஃப் போடாமல் நின்றதே இல்லை என்று அவரிடம் சொன்னாய், மஃபுக்குள் பாட்டு இயர்போனைச் சொருகிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு, நீ அந்த ஜாதி இல்லை என்றும் சொன்னாய். நான் நம்புகிறேன். நம்பி என்ன பிரயோஜனம்.

பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் குடிக்கும்போது உன் முகம் தெளிந்துவிட்டது. டாக்டர் வெறும் பீப் சத்தத்தை வைத்துச் சொல்கிறார், பாட்டு வேறு என்றாய். "என் காது ஒண்ணும் ஆவலம்மா. செட்டுதான் சரியில்ல. நல்லது ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் கேட்டுடும்" என்றாய். நான் ஆமாம்டா என்றேன். அந்த ஆமாம் எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை, உன் கண் அப்படி இருந்தது. அதற்கப்புறம்தான் அந்த ஸ்டுடியோ மனிதர் வந்து சேர்ந்தார். நம் சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு ஒலி பார்க்க வந்தவர், உன் கீபோர்டைக் கேட்டுவிட்டு நம்பர் கொடுத்தார். நீ கிறிஸ்துமஸுக்குச் செய்த பாட்டை அவருக்கு அனுப்பினாய். நன்றாக இருக்கிறது தம்பி, அசிஸ்டன்ட்டாக வந்து பாரு என்று அவர் சொன்னதும் நீ வீட்டில் நடக்கவில்லை, மிதந்தாய். அவர் அதை எதில் கேட்டார், போனிலா, நடந்துகொண்டேவா என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நானும் உன்கூட மிதந்தேன்.

சென்னைக் கடையில் அந்தக் கம்பளம் போட்ட அறைக்குள் போனதும் எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவு அமைதியை நான் ஆபரேஷன் தியேட்டரில்தான் பார்த்திருக்கிறேன், உன்னைப் பெற்றபோது. தாடி நரைத்த அந்தக் கடைக்காரர் தங்கமான மனிதர். வாங்குவாளா மாட்டாளா என்று என் புடவையைப் பார்த்து எடை போடாமல் எல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் நீ காதில் போட்டுக்கொள்ளாததை மட்டும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எதை வாங்கினாலும் இது உதவும். ரெண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடினது எப்போதுமே நல்லது மாதிரித் தோன்றும், அப்படித்தான் ஏமாறுவோம். நீ கண்ணாடி போடுகிறவன், கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்தச் சந்து போதும் வெளிச்சத்தம் நுழைய. அதனால் மெத்தை பஞ்சு மாதிரி அமுங்க வேண்டும். ரெண்டு நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே, நம் ஊர் புழுக்கத்தில் தோல் மெத்தை காதை அவித்துவிடும், தலையில் பிடிக்கிற பிடியும் நேரம் போனால்தான் வலிக்கும். வெளிச்சத்தத்தைத் தானே அழிக்கிற பேட்டரி வகை பஸ்ஸின் உறுமலைத் தின்னும், ஆனால் டைல்ஸ் மெஷினையும் நான் போடுகிற கூச்சலையும் அதால் முழுசாகத் தின்ன முடியாது, பாட்டின் நிறத்தையும் கொஞ்சம் மாற்றிவிடும் என்றார். மெத்தை தேய்ந்தால் அந்தக் கம்பெனி மெத்தையே கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள். அம்மாவிடம் கொடுக்காதே.

கடைசியில் அவர் ரெண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் கிண்ணம் மரத்தால் செய்தது, தொட்டாலே ஆசையாக இருந்தது. மற்றது கறுப்பு, பார்க்க உங்கப்பா பஸ் டயர் மாதிரி, ஆனால் போட்டதும் உலகமே நின்றுவிட்டது. மரம் பாட்டுக்கு நல்லது, மேல் சத்தமெல்லாம் பளிச்சென்று வரும், ஆனால் வெளிச்சத்தத்தைப் பாதிதான் நிறுத்தும் என்றார். கறுப்பு நன்றாக அடைக்கும், பாட்டின் பளபளப்பு மட்டும் கொஞ்சம் மங்கும் என்றார். விலையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தலையில் மாட்டியிருக்க மாட்டேன். நீ உன் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டு, முதலில் மரத்தை எனக்கு மாட்டிவிட்டாய். நான் என்ன பாட்டு ரசிகையா, எனக்கு எதற்குடா என்றேன். கேளும்மா என்றாய்.

கேட்டேன். நம் சர்ச் பெண்கள் பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கடைசி வரிசையில் யாரோ வளையலைச் சரி செய்தது கேட்டது. இவ்வளவையும் என் பிள்ளை சேர்த்து வைத்திருக்கிறானா என்று மலைத்துப் போனேன். அதோடு இன்னொன்றும் கேட்டது. பாட்டின் ஆரம்பத்திலிருந்து ஒரு விசில். மெல்லிசாக, ஊசி மாதிரி, கொசு காதோரம் வந்து நகராமல் நிற்கிற மாதிரி. பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் அது அப்படியே நின்றது. ஹெட்போனில் கோளாறு என்றுதான் நினைத்தேன். கறுப்பை மாட்டினாய். அதிலும் இருந்தது, திரைக்குப் பின்னால் இருந்து வருகிற மாதிரி. பிறகு நீ மாட்டிக்கொண்டாய், மரம், கறுப்பு, திரும்ப மரம். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய், விரலால் மேஜையில் தாளம் போட்டாய். உன் முகத்தில் எங்கேயாவது ஒரு சுளிப்பு வரும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவேயில்லை. கண்ணைத் திறந்து, "ரெண்டும் ஒரே மாரிதாம்மா கீது. உனக்கு எதாச்சும் வித்தியாசம் கேக்குதா?" என்றாய். பரீட்சை ரிசல்ட் கேட்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தாய்.

"இல்லடா. ரெண்டும் நல்லாத்தான் கீது" என்றேன்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். நீ தண்ணீர் குடிக்க வெளியே போனாய். அவர் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "அந்தப் பாட்டுல ஒரு விசில் வருதும்மா. ரெக்கார்டிங்லயே கீது. தம்பிக்குக் கேக்கலியா?" பையனுக்கு ஜலதோஷம் என்றேன். அவர் வேறு ஏதோ பாட்டைப் போட்டு அதே மர ஹெட்போனை என்னிடம் நீட்டினார். அதில் விசில் இல்லை. கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. ஜலதோஷம் சரியாகிவிடும்மா என்று சொல்லிவிட்டு அதைத் திரும்ப வாங்கி வைத்தார். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது, அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ வாயை மூடவே இல்லை. பழைய ஹெட்போனுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், இப்போதுதான் பாட்டே கேட்கிறது, இத்தனை நாள் செட்டுதான் கெடுத்துக்கொண்டிருந்தது என்றாய். அது முழுப் பொய்யும் இல்லை. என் ஓட்டை மெத்தை போய், அடைத்த மெத்தை வந்ததும் கீழ்ச் சத்தமெல்லாம் உனக்கு நன்றாகக் கேட்டிருக்கும். அந்தச் சந்தோஷத்தில் மேலே காணாமல் போனது உனக்குத் தெரியவில்லை. இல்லாததை எப்படி இல்லை என்று கண்டுபிடிப்பாய்? பூந்தமல்லி தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறாயா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் போனிலிருந்து என் போனுக்கு அந்தப் பாட்டை அனுப்பச் சொன்னேனே, பெருமைக்கு என்று நினைத்தாய். நீ ஷிப்டுக்குப் போனதும் போனைக் காதோடு காதாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே தெரிவதில்லை, பாட்டு அடங்குகிற இடத்தில் மட்டும் தெரிகிறது. அதனால்தான் சர்ச்சில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பாட்டே பாதிதான் கேட்டது, விசிலுக்கு எங்கே போவது. ஆனால் நான் சொன்னதை நம்பினார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "வுடு. போவட்டும். நம்ம சொல்லி அவன் ஒடையறதுக்கு வேற எவனாச்சும் சொல்லி ஒடையட்டும்" என்றார். எனக்கும் அதுதான் நல்லது என்று ஒரு நாள் பட்டது. மறுநாள் யோசித்தேன். அந்த ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கரில் நீ செய்த ஒன்றைப் போடுவார்கள். நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். நீ நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன சார், என்ன சார் என்று கேட்பாய். அதற்குள் பிரஸ் ஷாப்பில் உன் இடத்துக்கு வேறு ஒரு பிள்ளை வந்து நின்றிருப்பான். அதை நினைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே சொல்கிறேன், கண்ணு. நீ அந்த ஸ்டுடியோ மனிதருக்கு அனுப்பிய பாட்டில் ஒரு விசில் இருக்கிறது. சார்ஜரால் வந்ததோ, மைக்கால் வந்ததோ எனக்குத் தெரியாது. உனக்கு அது கேட்கவில்லை. உலகத்திலேயே உசத்தியான ஹெட்போனைப் போட்டாலும் கேட்காது. செட்டில் கோளாறு இல்லை.

இதற்கு மேல் ஒரு வழி சொல்லித்தானே கடிதத்தை முடிக்க வேண்டும். என்னிடம் வழி இல்லை. மிக்ஸிங் வேலைக்குப் போனால் நிற்க முடியாது. பிரஸ் ஷாப்பிலேயே நின்றால் மிச்சமிருக்கிறதும் போகும். சத்தம் இல்லாத டெஸ்பாட்ச்சுக்கு மாற்றித் தரச் சொல்லி நீ கேட்டதற்கு உன் சூப்பர்வைசர் பார்க்கலாம் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். ஜெபம் பண்ணிப் பார்த்தேன், என் புலம்பலை நானே கேட்டுக்கொண்டதுதான் மிச்சம். கீபோர்டு இருக்கிறதே, அதை வாசி என்று சொல்லலாம். வாசிப்பவர்கள் நம் சர்ச்சிலேயே நாலு பேர், நீ அவர்களைவிட மட்டமாகத்தான் வாசிப்பாய், உனக்கே தெரியும். உன்னிடம் இருந்தது காதுதான். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே விசில், இங்கே கீச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா என்றுகூட யோசித்தேன். எந்த ஸ்டுடியோவில்டா வேலைக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்பார்கள்? அதுவும் என் காது எத்தனை நாளைக்கு? தையல் மெஷின் சத்தத்தில் அதுவும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கறுப்பை வாங்கு. மரத்தில் என்ன அழகோ, அதெல்லாம் உன் காது போக முடியாத இடத்தில் இருக்கிறது. அதற்குக் காசு கொடுப்பது பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. கறுப்பு தெருவை வெளியே நிறுத்தும். தெரு வெளியே நின்றால் நீ சத்தத்தைக் குறைத்து வைக்கலாம். குறைத்து வை. டைல்ஸ் மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டு, உள்ளே முணுமுணுக்கிற மாதிரிப் பாட்டை வை. வேலைக்கு இல்லை, சம்பாதிக்க இல்லை, சும்மா கேட்கத்தான். எத்தனை வருஷம் கேட்குமோ அத்தனை வருஷம் கேள். இதைவிடப் பெரிதாக ஒன்றும் உனக்கு நான் வேண்டிக்கொள்ளப் போவதில்லை, அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். அந்தக் கிழவிக்கு என்ன தெரியும், அவளாக எதையோ கற்பனை செய்கிறாள் என்று தோன்றும். பாட்டைப் போட்டுப் பார்ப்பாய், ஒன்றும் கேட்காது, கேட்காததாலேயே ஒன்றும் இல்லை என்று நினைக்கப் பார்ப்பாய். ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு போவாய். போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய். அந்தப் பாட்டைப் போட்டு ஹெட்போனை எனக்கு மாட்டிவிடு. கடையில் பார்த்த மாதிரியே என் முகத்தைப் பார்த்துக் கேள், உனக்கு எதாச்சும் கேக்குதாம்மா என்று. கேக்குதுடா என்று சொல்வேன்.